ஒரே மூச்சில் பதினான்கு அதிகாரங்கள்

அந்தச் சபையில் வருஷத்துக்கு ஒருமுறை கல்லூரிப் பிள்ளைகளுக்கென்று ஒரு நாள் கூட்டம் நடக்கும். படிப்புக்கு நடுவே தினசரி வேத வாசிப்புக்கும் ஜெபத்துக்கும் நேரம் ஒதுக்குவது எப்படி என்று ஒரு தலைப்பு அதில் கட்டாயம் உண்டு. அந்தத் தலைப்பில் பேச முதலில் கேட்பது மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்க்கும் அக்காவைத்தான். அக்காவும் வருஷம் தவறாமல் ஒரு சாக்கு வைத்திருப்பாள். ஒரு வருஷம் பல்வலி. ஒரு வருஷம் ஸ்டாக் எடுக்கும் நாள். போன வருஷம் தொண்டை கட்டியிருந்தது என்றாள், கணீரென்ற குரலில்.

"அவளுக்கு ரொம்ப அடக்கம்" என்று போதகரின் மனைவி சொல்லிக்கொண்டிருக்கிறார். அடக்கமாவது ஒன்றாவது. அந்தத் தலைப்பில் பேச அவளுக்கு வாய் வராது, அவ்வளவுதான்.

அவளுடைய அப்பா பஸ் டிரைவராக இருந்தவர். டிப்போவில் அவரை "கடிகாரம்" என்றுதான் கூப்பிடுவார்கள். ஓடி வருகிறவர் கைகாட்டினாலும் சரி, காலில் விழுந்தாலும் சரி, புறப்படுகிற நேரத்துக்கு வண்டி நகர்ந்துவிடும். முதல் டிரிப்புக்குப் போகும் முன் வேதத்தில் ஒரு அதிகாரம் வாசித்துவிட்டுத்தான் காக்கிச் சட்டையை மாட்டுவார். ஐம்பத்திரண்டு வயதில் கண்ணில் நீர் அழுத்தம் வந்தது. முதலில் ஓரம் மங்கியது, பிறகு நடுவும் மங்கியது. வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். கடைசியில் எழுத்தும் போய், ஜன்னல் இருக்கும் பக்கம் வெளிச்சமாகத் தெரிவது மட்டும்தான் மிஞ்சியது.

அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. படுக்கை விரிப்புகளை மெஷினில் போட்டு எடுத்து, தேய்த்து, மடித்து வார்டு வார்டாக அடுக்க வேண்டும். காலை ஆறு மணி தாண்டி ஒரு நிமிஷம் வீட்டில் நிற்க முடியாது. நின்றாலும் பயனில்லை. அம்மா எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், ஒரு அதிகாரம் முடிவதற்குள் மத்தியானம் ஆகிவிடும். சபையில் ஒருவர் வேதம் முழுவதையும் குரலில் பதிவுசெய்த சின்னப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அப்பா இரண்டு நாள் கேட்டார், மூன்றாம் நாள் எடுத்து வைத்துவிட்டார்.

"நல்லாத்தான் வாசிக்கிறாரு. ஆனா அவருக்கு நான் யாருன்னு தெரியாதே பாப்பா. நீ வாசி, அது போதும்."

பாப்பாவுக்கு அப்போது பதினெட்டு வயது. மருந்தியல் படிக்க, பஸ்ஸில் ஐந்து மணி நேரத் தொலைவில் உள்ள கல்லூரி விடுதிக்குப் போயிருந்தாள். தினமும் காலை ஆறு மணிக்குப் போன் செய்வதாக வாக்குக் கொடுத்தாள். அம்மாவின் போன் அதற்காகவே வீட்டில் இருக்கும். மணி அடித்ததும் அம்மா பட்டனை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, "பாப்பா வந்துட்டா, பேசுங்க" என்று அப்பா முன்னால் மேஜைமேல் வைத்துவிட்டு வேலைக்கு ஓடுவாள். இவள் "அப்பா, கேக்குதா?" என்பாள். "கேக்குது பாப்பா" என்பார். ஒரு அதிகாரம் வாசிப்பாள். அப்பா அதைப் பற்றி ஏதாவது கேட்பார், இவள் வாய்க்கு வந்ததைச் சொல்லுவாள், சிலநாள் வாக்குவாதம்கூட நடக்கும். பிறகு அப்பா ஜெபிப்பார். எல்லாம் சேர்த்து அரைமணி நேரம்.

முதல் வருஷம் ஒரு நாள் தவறவில்லை. விடுதியில் அவளுக்கு "ஆறு மணி" என்றே பேர் வந்துவிட்டது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இரண்டாம் வருஷம்தான் கழுத்தைப் பிடித்தது. விடுதிக் குழாயில் தண்ணீர் ஐந்தரையிலிருந்து ஆறரை வரைதான் வரும். நாற்பது பேருக்கு நான்கு குளியலறை. ஆறு மணிக்கு வேதம் வாசித்தால் குளியல் இல்லை, குளித்தால் வேதம் இல்லை. எட்டு மணிக்கு லேப். ரெக்கார்டு நோட்டில் ஒரு படம் கோணலாக இருந்தாலும் திருப்பி எறிகிற ஒரு மேடம். "அப்பா, வரிசையில நிக்கணும்ப்பா" என்று ஒரு நாள் சீக்கிரம் வைத்தாள். அடுத்த வாரம் இரண்டு நாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருந்தது அவளுக்கு இன்னும் குடைச்சலாக இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவளுக்கு "விஞ்ஞானி" என்று பட்டப்பேர். விடுதியில் யார் போன் கெட்டுப்போனாலும் அவளிடம்தான் போகும்.

"ஆறு மணி, ஒரு வழி சொல்றேன், கேளு" என்றாள் அவள். "நீ தினமும் எதுக்குக் கஷ்டப்படுற? ஞாயித்துக்கெழமை மத்தியானம் சும்மாதானே இருக்கே. ரெண்டு வாரத்துக்கு உள்ளதை மொத்தமா பேசிப் பதிவு பண்ணிடு. தினமும் காலையில ஒண்ணு தானா போற மாதிரி நான் வெச்சுத் தர்றேன்."

"அப்பாவுக்குப் பதிவு புடிக்காது."

"அது யாரோ ஒருத்தர் குரல். இது உன் குரல்தானே?"

வாதம் சரியாகத்தான் இருந்தது. வேண்டியதற்கு எந்த வாதமும் சரியாகத்தான் இருக்கும். அன்று மாலையே அம்மாவிடம் போனில் சொன்னாள்: "காலையில இங்க சிக்னல் சரியா இல்லம்மா. வாசிச்சுப் பதிவு பண்ணி அனுப்பிடுறேன். வந்ததும் நீ அமுக்கி வெச்சுடு, ஓடும்." அம்மா, "சரி, அமுக்குறேன்" என்றாள். அப்பாவிடம் அம்மா சொல்லிவிடுவாள் என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், துணி காயப்போடும் மொட்டைமாடியில், ஈர விரிப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து பதினான்கு அதிகாரங்களை வாசித்து முடித்தாள். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் பழக்கதோஷத்தில் "அப்பா, கேக்குதா?" என்று கேட்டு, பதில் வருவதுபோல் ஒரு நொடி விட்டாள். முடிவில் "சரிப்பா, வெக்கிறேன்." எட்டாவதில் தொண்டை வறண்டது. கடைசி இரண்டு மூன்றில் குரல் கம்மி, தேய்ந்து வந்தது. என்ன வாசித்தோம் என்று கீழே இறங்கும்போது கேட்டிருந்தால் ஒரு வரி சொல்லியிருக்கமாட்டாள். ஆனால் மனம் லேசாக இருந்தது. கடமை முடிந்த லேசு.

இப்படி இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறாக இரண்டு மாதம் ஓடியது. பதிவு தினமும் ஐந்து ஐம்பத்தைந்துக்குத் தானாகப் போய்ச் சேர்ந்தது. மிச்சம் பிடித்த அரைமணி நேரத்தை வைத்து அவள் என்னென்ன சாதித்தாள் என்று கேட்கக்கூடாது. முதல் வாரம் சீக்கிரம் குளித்தாள். அதன்பிறகு தூங்கினாள். ஞாயிறு மாலை அம்மா பேசும்போது அப்பாவும் பக்கத்தில் இருப்பார். "நல்லா இருக்கியா பாப்பா? சாப்பிட்டியா?" இரண்டே கேள்வி. மற்றதெல்லாம் அம்மாவின் கச்சேரி. அப்பா குறை ஒன்றும் சொல்லாததால் எல்லாம் சரியாகப் போகிறது என்றே இருந்தாள்.

ஒரு வியாழக்கிழமை லேப் தேர்வு தள்ளிப்போயிற்று. நான்கு நாள் லீவு. சொல்லாமல் போய் நின்று அப்பாவைச் சிரிக்க வைக்கலாம் என்று இரவு வண்டி ஏறினாள். வீட்டுத் தெருவில் இறங்கி நடக்கும்போது மணி ஆறு ஐந்து. அம்மா கிளம்பிப் போயிருந்தாள். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. ஓசைப்படாமல் தள்ளினாள்.

உள்ளே அவள் வாசித்துக்கொண்டிருந்தாள்.

மேஜைமேல் போன். முன்னால் அப்பா, தலைவாரி, சட்டை போட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைபோல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பதிவு என்றாலும் சட்டை போட்டுக்கொண்டு கேட்கிறாரே என்று முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. போனுக்குள் இருந்த குரல் அதிகாரத்தை முடித்து, மூச்சு வாங்கியது.

"பாப்பா, ஒரு நிமிஷம் இரு" என்றார் அப்பா, போனை நோக்கிக் குனிந்து. "வெச்சுடாதே. நேத்து வாசிச்சியே, அதுல ஒண்ணு கேக்கணும்..."

"சரிப்பா, வெக்கிறேன்" என்றது போன்.

அப்பா பாதி வார்த்தையில் நின்றார். போனைத் தடவிப் பார்த்துத் திருப்பி வைத்தார்.

"பிள்ளைக்கு வேலை இருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு கைகளைக் கூப்பி, அவளுக்காக ஜெபிக்க ஆரம்பித்தார். அவள் தேர்வுக்காக, அவள் குளிக்க நிற்கும் வரிசைக்காக, அவள் மூச்சுவிட நேரமில்லாமல் ஓடுவதற்காக. "ஆண்டவரே, எங்கூடப் பேசாட்டிப் பரவாயில்ல. உம்மகூடப் பேசவாவது அவளுக்கு நேரம் குடும்" என்றார்.

அவர் நாற்காலிக்கும் அவளுக்கும் நடுவே நான்கு எட்டுதான். எடுத்து வைத்திருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். திட்டு வாங்கியிருப்பாள், அழுதிருப்பாள், அப்பாவும் அழுதிருப்பார். ஆனால் கால் நகரவில்லை. அப்பா இதைப் பதிவு என்றே அறியவில்லை. இரண்டு மாதமாக அவருக்கு இது போன். இரண்டு மாதமாகக் கேள்விக்குப் பதில் சொல்லாமல், ஜெபத்துக்கு நிற்காமல், வாசித்துவிட்டுப் பட்டென்று வைத்துவிடுகிற மகள். அதையும் குறையாகச் சொல்லாமல் அவர் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அவள் கதவை மெல்லச் சாத்திவிட்டு வெளியே வந்தாள்.

வந்த பிறகுதான் உறைத்தது. ஆறேகாலுக்கு விடுதியிலிருந்து பேசியவள் ஆறரைக்கு வீட்டில் எப்படி நிற்க முடியும்? அப்பா வேறு கடிகாரம். எந்த ஊர் வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். ஆறரை வண்டியில் ஏறியிருந்தால் பதினொன்றரைக்குத்தான் வந்து சேர முடியும். அதனால் பஸ் நிலையத்துக்குத் திரும்ப நடந்து, காத்திருப்புக் கூடத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு ஐந்து மணி நேரம் உட்கார்ந்தாள். அரைமணி நேரம் இல்லை என்று சொன்னவளுக்கு, சொந்த வீட்டுக்குள் நுழைவதற்காக ஐந்து மணி நேரம் கிடைத்தது. பதினொன்றரைக்கு அந்த வண்டி வந்து நின்றதும், இறங்கியவர்களோடு சேர்ந்து தானும் இறங்கியதுபோல நடந்தாள். உண்மையைச் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

"யாரு, பாப்பாவா?" காலடி ஓசையிலேயே அப்பா எழுந்துவிட்டார். "ஆறரை வண்டியா? காலையில பேசும்போது சொல்லவே இல்லையே."

"திடீர்னு லீவு விட்டாங்கப்பா." பொய் தானாகவே வந்தது.

அப்பா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். கையை விடவில்லை.

"நீ வந்தது நல்லதாப் போச்சு. அம்மாகிட்ட இன்னிக்குச் சொல்லிடலாம். நீ பக்கத்துல இரு, என்ன?"

"என்னத்தப்பா சொல்லணும்?"

"அதான், அந்த வெளிச்சம் போயிடுச்சுன்னு."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா அவள் புறங்கையைத் தட்டிக்கொண்டே பேசினார்.

"மூணு வாரம் ஆச்சு. காலையில எழுந்திரிச்சேன், ஜன்னல் எந்தப் பக்கம்னே தெரியல. உங்கம்மாகிட்ட சொன்னா வேலையை விட்டுட்டு வீட்டோட உக்காந்துடுவா. யார்கிட்டயாவது சொல்லியே ஆகணும்னு இருந்துச்சு. நீ போன்ல வந்தே. வாசிக்க ஆரம்பிச்சுட்டே. எனக்குப் பொறுக்கல, நடுவுலயே சொல்லிட்டேன். 'பாப்பா, சுத்தமா போயிடுச்சும்மா'ன்னேன்."

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"நீ நிறுத்தல. ஐயோன்னு ஒரு சத்தம் போடல. அன்னிக்கு அதிகாரம் என்ன தெரியுமா? வெறும் பேரு. யாரு யாருக்குப் பொறந்தாங்கன்னு அம்பது அறுபது பேரு. ஒரு பேருகூடத் தடுமாறாம வரிசையா வாசிச்சுக்கிட்டே போனே. எனக்கு முதல்ல கோவமாத்தான் வந்துச்சு. அப்புறம் கேக்கக் கேக்க, அட, பிள்ளை நமக்குத் தைரியம் குடுக்குதுன்னு புரிஞ்சுது. எது போனாலும் வாசிப்பு நிக்காதுப்பான்னு சொல்ற மாதிரி. கடைசியில 'சரிப்பா'ன்னே பாரு, குரலே வரல. அழுதுக்கிட்டே வாசிச்சியா?"

அது அதற்கும் இரண்டு வாரம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியில் பதிவுசெய்த பதினான்காவது அதிகாரம். சீக்கிரம் தீர்ந்து தொலையட்டும் என்று பேர்களை ஒரே மூச்சில் தள்ளியது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. தொண்டை புண்ணாகியிருந்தது. கீழே போய் வெந்நீர் குடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வாசித்தாள்.

"அப்பா, அது வந்து..."

"வேணாம். நீ ஒண்ணும் சொல்ல வேணாம். எனக்குத் தெரியும்" என்றார் அப்பா.

சாயங்காலம் அம்மா வந்ததும் அப்பா சொன்னார். அம்மா அழுது ஓய்ந்து சமையலறைக்குப் போனதும் இவளும் பின்னாலேயே போனாள்.

"பதிவுன்னு நீ அப்பாகிட்ட சொல்லலியாம்மா?"

"நீ சொல்லியிருப்பேன்னு நெனச்சேன்."

"பாப்பா வந்துட்டா, பேசுங்கன்னுதானே தினமும் வெக்கிறே?"

"அப்படித்தானே எப்பவும் வெப்பேன்" என்றாள் அம்மா. சொல்லி முடிக்கும்போது அவளுக்கும் விளங்கிவிட்டது. கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள். சலவைத் தண்ணீரில் ஊறி வெளிறிப்போன விரல்களால் வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லாவற்றையும் இவள் சொல்லக் கேட்டாள்.

"சொல்லிடட்டுமாம்மா?"

"சொல்றதுன்னா சொல்லு. நான் தடுக்கல" என்றாள் அம்மா. "சொன்னா உன் மனசு லேசாகும். அவருக்கு என்ன ஆகும்னு யோசிச்சுக்கோ."

அவள் யோசித்தாள். அன்றிலிருந்து யோசித்துக்கொண்டேதான் இருந்தாள். விடுதிக்குப் போன மறுநாளே விஞ்ஞானியிடம் சொல்லி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, காலை ஆறு மணிக்குப் போனில் உட்கார்ந்தாள். படிப்பு முடிந்து வீட்டுக்கு வந்தபிறகு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்பா போய்ச்சேரும் வரை ஒன்பது வருஷம், குளியல் தவறினாலும் அது தவறவில்லை. அத்தனை காலையிலும் இன்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் வரும். அவர் முகத்தைப் பார்ப்பாள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று புத்தகத்தைத் திறப்பாள். கோழைத்தனமா, பாசமா என்று அவளால் இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை. என்னைக் கேட்டால் இரண்டும்தான்.

ஆனால் அந்த லீவில் வந்த ஞாயிற்றுக்கிழமையை மட்டும் தவிர்த்திருக்கலாம். வெள்ளியோ சனியோ வாயைத் திறந்திருந்தால் தவிர்த்திருக்கலாம்.

அந்தச் சபையில் ஆராதனை முடியும் தறுவாயில் சாட்சி சொல்லும் நேரம் உண்டு. கடவுள் தனக்குச் செய்ததை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். அப்பா வாயே திறக்காத மனிதர். அன்றைக்கு அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இவள் சட்டென்று அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். "அப்பா, வேணாம்ப்பா" என்றாள். கூச்சப்படுகிறாள் என்று அவர் சிரித்தார்.

வெளிச்சம் போன காலையைச் சொன்னார். போனைச் சொன்னார். அந்த வெறும் பேர்களைச் சொன்னார். "நான் இருட்டுல உக்காந்திருக்கேன். என் பிள்ளை அழுகையை அடக்கிக்கிட்டு வாசிக்கிறா. காலேஜ் பிள்ளைங்களுக்கு நேரமில்லைன்னு சொல்றோம். எம்பொண்ணு ஒரு நாள் தவறல" என்றார். முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெண்கள் பக்கம் விசும்பல் கேட்டது. அம்மா தலையைக் குனிந்து மடியில் இருந்த கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

போதகர் மைக்கில் வந்தார். "அந்தத் தங்கச்சி கொஞ்சம் எழுந்து நிக்கட்டும். நம்ம பிள்ளைங்க பாக்கட்டும்" என்றார்.

அவள் எழுந்தாள். முந்நூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஸ்தோத்திரம் சொல்ல, எல்லாரும் சொன்னார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் கழுத்தை நீட்டி அவளை வாய்பார்த்தார்கள்.

அந்தச் சத்தத்துக்குள் அப்பா அவள் பக்கமாகத் தலையைச் சாய்த்தார். அவள் எழுந்தாளா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"நின்னியா பாப்பா?"

"நிக்கிறேன்ப்பா" என்றாள்.